கணக்கு காணாமல் போன கதை

பி.காம். படிக்கிறவனுக்கு டீபக்கர் எதற்கு என்று கேட்காதீர்கள். மாமாவின் மளிகைக் கடைக்கு லினக்ஸில் ஒரு சி புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் அது அப்படியே உறைந்து நின்றது. மாமா பேசாமல் பழைய நோட்டை எடுத்துவிட்டார்.

உள்ளே நான் கிளப்பிவிடும் த்ரெட்கள் மூன்று. ஆசையாக வரவு, செலவு, கணக்கு என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். ஜிடிபியில் பட்டியலைக் கேட்டால் வரவு இருக்கிறது, செலவு இருக்கிறது, கணக்கைக் காணோம்! அது கிளம்பவே இல்லை என்று முடிவு கட்டி ரெண்டு ராத்திரி அந்த வரிகளையே நோண்டினேன். 'கடை' என்ற புரோகிராமின் பெயர் பட்டியலில் ரெண்டு தடவை இருந்ததைக் கவனிக்கவில்லை. ஒன்று மெயின் த்ரெட். இன்னொன்று, பெயர் கிடைக்காமல் பெற்றவள் பெயரிலேயே திரிந்த கணக்கு.

லினக்ஸில் த்ரெட் பெயருக்கு 15 பைட்தான் இடம். யுடிஎஃப்-8ல் தமிழ் எழுத்துக்கு 3 பைட். புள்ளி, கொம்புக்கெல்லாம் தனியாக 3. வரவு 12. செலவு சரியாக 15. கணக்கு 18. பிதிரெட் நூலகத்தில் பெயர் வைக்கும் ஃபங்ஷன் நீளப் பெயரை வெட்டாது. வைக்காமலே 34 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரும். நான் பார்த்தால்தானே! பிஆர்சிடிஎல் வழியாக வைத்தால் சத்தமில்லாமல் வெட்டி 'கணக்க' என்று காட்டுகிறது. ஸ்ட்ரிப் செய்தும் பார்த்தேன். என் ஃபங்ஷன் பெயர்கள் போய்விட்டன, த்ரெட் பெயர்கள் போகவில்லை. அவை கெர்னலிடம் இருப்பவை.

கடைசியில் பார்த்தால், கணக்கும் செலவும் ஒன்றின் லாக்குக்காக மற்றொன்று காத்துக் கிடந்திருக்கின்றன. சரி செய்யப் பத்து நிமிஷம். இப்போது அந்த த்ரெட்டின் பெயர் 'லாபம்', 15 பைட். நட்டம் 18, உள்ளே நுழையாது :-)