பால் நிறம் மாறும்வரை

சுவிஸ் நாட்டின் பேர்ண் மாநிலத்துக் காடுகளில் மாதத்தின் முதல் 7 நாட்கள் காளான் பறிக்கக் கூடாது. மற்ற நாட்களிலும் ஒருவருக்கு 2 கிலோவுக்கு மேல் ஆகாது. ஊரைவிட்டு வந்து, உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இளவயதில் இதைக் கேட்டு வியந்தேன். யாரும் விதைக்காத, நீர் ஊற்றாத ஒன்றுக்கு இத்தனை காவலா என்று தோன்றியது. அந்தக் காட்டை எனக்குப் பழக்கியவர் எங்கள் மேல்மாடியில் தனியே வாழ்ந்த சுவிஸ் மூதாட்டி. வீட்டுக்குள் நாங்கள் அவரை ஆச்சி என்றே சொல்வோம். மொழி பாதி புரியாத என்னைச் செப்டெம்பர் வந்தால் கூடவே கூட்டிப் போவார்.

ஆச்சி தேடியது ரைட்ஸ்கர் என்னும் காளான். வெட்டினால் பால் வடியும் கூட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பால் காளான் என்று வளர்த்து விற்கிறார்களே, அந்த வெள்ளைக் காளானுக்கும் இதற்கும் உறவில்லை. இதன் குடை செம்மஞ்சள் நிறம். மேலே வட்ட வட்டமாக வளையங்கள், நடுவில் சிறு பள்ளம். தண்டை ஒடித்தால் நார் நாராகக் கிழியாது, வெண்கட்டி போலப் படக்கென்று முறியும். உள்ளே உருண்டை உயிரணுக்கள் கொத்துக் கொத்தாக இருப்பதே காரணம். முறிந்த இடத்தில் கரட் நிறத்தில் பால் துளிர்க்கும்.

ஆனால் ஆச்சி முதலில் காளானைப் பார்க்கவே மாட்டார். அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார். ஊசியிலைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருந்தால் பைன். ஒவ்வொன்றாகக் கூராக நின்று கையில் குத்தினால் ஸ்புரூஸ். தட்டையாக, அடியில் இரு வெள்ளைக் கோடுகளோடு இருந்தால் வெள்ளி ஃபிர். இந்தக் காளான்களின் இழைகள் மரவேரைச் சுற்றிப் படர்ந்து, மண்ணின் நீரையும் உப்புகளையும் மரத்துக்குக் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரையை வாங்கி வாழ்கின்றன. அதனால் ஒவ்வொன்றும் தனக்குரிய மரத்தை விட்டு விலகாது. பெயர்பெற்ற ரைட்ஸ்கர் பைனோடு வாழும். அதன் உடன்பிறப்புகளில் ஒன்று ஸ்புரூஸோடு, இன்னொன்று ஃபிரோடு. “இவர் யார் வீட்டுப் பிள்ளை என்று முதலில் கேளுங்கள்” என்பார் ஆச்சி. எங்கள் ஊரிலும் புதிதாக யாரைக் கண்டாலும் பெரியவர்கள் அதைத்தானே கேட்பார்கள்!

மரங்கள் கலந்து நிற்கும் இடத்தில் அது போதாது. அப்போது ஒரு காளானை வெட்டி மடியில் வைத்துக்கொண்டு விழுந்த மரத்தில் உட்கார்ந்துவிடுவார். நான் நின்றுகொண்டே இருப்பேன். மாலை வேலைக்கு நேரமாகிறதே என்ற பதைப்பு. பைனடிக் காளானின் பால் நெடுநேரம் செம்மஞ்சளாகவே இருக்கும். ஸ்புரூஸடிக் காளானின் பால் 10, 20 நிமிடங்களில் மெல்ல இருண்டு சிவப்பு வைன் நிறத்துக்கு வரும். இரண்டும் நாள்பட நாள்படப் பச்சை பூக்கும் என்பதால், வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரிப்பது கடினம். ஸ்புரூஸடிக் காளானை ஃபிரீடர் குரோகர் என்ற ஜெர்மானியர் தனி இனமாக விவரித்ததே 1968இல்தான். வாழ்நாளெல்லாம் காளானையே ஆராய்ந்தவர்களுக்கும் அவ்வளவு காலம் எடுத்தது என்றால், நமக்கு அரைமணி நேரம் உட்கார என்ன குறை? அந்த மரத்தில் உட்காரப் பழகிய பிறகுதான், பிள்ளைகளின் பேச்சை இடைமறிக்காமல் முடியும்வரை கேட்கவும் எனக்கு வந்தது.

மூக்குக்கும் அங்கே வேலை உண்டு. பேர்ச் மரத்தடியில் கிடைத்த சாம்பல் நிறச் சிறு காளானை ஆச்சி என் முகத்தருகே நீட்டினார். தேங்காய்ப்பூ மணம்! ஈரச் சதுப்பில் வளரும் இன்னொன்று, காயக் காய வெந்தயம் மணக்கும். வெந்தயத்தில் உள்ள சொட்டலோன் என்ற அதே மணப்பொருள்தான் அதிலும். ஊர் நினைவு நெஞ்சை அடைக்க, குழம்பில் போடலாமா என்று கேட்டேன். அதன் பால் தண்ணீர் போல நிறமற்றிருப்பதைக் காட்டி, வயிற்றைக் கலக்கி வாந்தி எடுக்க வைக்கும் என்றார். மீன் வாடை வீசி, வெண்பால் பட்ட இடமெல்லாம் பழுப்பாகிற மூன்றாவதைத்தான் கூடையில் போட்டார். அது நல்ல உணவு.

இவ்வளவு தெரிந்தவர், வீட்டுக்குப் போகுமுன் கூடையை நகரத்தின் காளான் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோவார். இந்நாட்டின் பல ஊர்களில் அப்படி நிலையங்கள் உண்டு. 1925இல் தொடங்கிய வாப்கோ என்ற சங்கம் பரிசோதகர்களைப் பயிற்றுவிக்கிறது. ஒருநாள் எங்களுக்கு முன் நின்ற இளம் தம்பதி ஆசையோடு கூடையைக் கவிழ்த்தார்கள். ரைட்ஸ்கர் போலவே இளஞ்செம்மை, அதே வளையங்கள். ஆனால் குடையின் விளிம்பில் கம்பளிபோல் மயிர். பேர்ச் அடியில் வளரும் நச்சுக்காளான். பரிசோதகர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் கூடையிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்து முறித்தார். ஒன்றில் வெண்பால், மற்றதில் கரட் நிறம். “இனி நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்” என்றார். தலை குனிந்து நின்ற அந்தப் பெண் நிமிர்ந்து சிரித்தாள். ஆச்சி தன் ரைட்ஸ்கரில் பாதியை அவர்கள் கூடையில் போட்டார்.

எல்லாம் தெரிந்த நீங்கள் ஏன் வரிசையில் நிற்கிறீர்கள் என்று திரும்பும் வழியில் கேட்டேன். “போன ஆண்டு எடுத்ததைப் போன ஆண்டே சாப்பிட்டாயிற்று. இது இன்று எடுத்தது” என்றார்.

ஆச்சி போய்ப் பல காலமாகிவிட்டது. இப்போது இலையுதிர்காலம் வந்தால் எங்கள் பேரப்பிள்ளைகள் கைபேசியில் படம் அனுப்பி, “தாத்தா, இது சாப்பிடலாமா?” என்கிறார்கள். படத்தில் பெரும்பாலும் குடையின் மேற்புறம் மட்டும் இருக்கும். மரமில்லை, மணமில்லை, பால் எப்படி மாறியது என்பதுமில்லை. நான் பெயர் சொல்வதில்லை. அடியோடு திருகி எடுங்கள், பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், எந்த மரத்தடி என்று குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். யாராவது ஏற்கெனவே வாயில் போட்டுவிட்டால் என்னைக் கேட்டு நேரத்தைக் கழிக்காமல் உடனே நச்சுத் தகவல் நிலையத்தின் 145 எண்ணுக்கு அழைக்கச் சொல்வேன். மற்றபடி, கூடையோடு வீட்டுக்கு வாருங்கள், பரிசோதனை நிலையத்துக்கு நானும் கூட வருகிறேன் என்பேன். பரிசோதகர் சரியென்று சீட்டு எழுதித் தந்தால், சூடான எண்ணெயில் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு மொறுமொறுவென வதக்கித் தர மனைவி வீட்டில் இருக்கிறாள்.