மான் வேட்டையில் நாம் கற்ற பாடம்

வேட்டை என்றதும் நம் மக்களின் நினைவிற்கு வருபவர் ஒன்று புராணத்து அரசர். இன்றேல் தோட்டத்துத் துரை. நம்மவருக்கு அதில் கிடைத்த இடமெல்லாம் புதரைத் தட்டி விலங்கைக் கலைக்கும் இடந்தான். பேராக்கில் ஓர் இரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்த நமக்கு, நம் பாட்டனார் இதனைப் பன்முறை சொல்லியிருக்கிறார். துரை சுடுவாராம், கூலிகள் தகரத்தைத் தட்டிக்கொண்டு காட்டிற்குள் ஓடுவார்களாம், கொம்பு மட்டும் பங்களாச் சுவரில் ஏறுமாம். அத்தகைய குடும்பத்தில் தோன்றிய நாம், நாற்பது வயதைக் கடந்த பின்னர், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நம் கையாலேயே ஒரு மானைச் சுட்டோம் என்றால், வாசக அன்பர்களிற் சிலர் வியப்படையலாம். சிலர் முகஞ்சுளிக்கவுங் கூடும். பெருமை பேசும் நோக்கம் நமக்கில்லை. நடந்ததை நடந்தபடி கூறி, அதில் நாம் செய்த பிழையையும் ஒப்புக்கொள்ளவே இதனை எழுதத் துணிந்தோம்.

தொழில் நிமித்தம் நாம் கொலராடோவிற்குக் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நாம் புலால் உண்பவர். தோலுரித்துத் துண்டாக்கித் தாளில் சுற்றிய இறைச்சியைக் கடையில் வாங்கி உண்டோமேயன்றி, ஓர் உயிர் எங்ஙனம் உணவாகிறது என்பதை ஒரு தடவையேனும் கண்ணாற் கண்டவரல்லோம். வள்ளுவர் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதன்படி நடக்கும் திண்மை நம்மிடம் இல்லை. விட்டொழிக்க இயலாதவன் அதன் விலையையாவது அறிந்திருத்தல் வேண்டும் என்று நம் மனம் உறுத்திற்று. இவ்வுறுத்தலே நம்மை வேட்டைக்கு இழுத்துச் சென்றது.

அந்நாட்டின் மேற்குப் பகுதி மலைகளில் வாழும் மான் ஒன்றுண்டு. கோவேறு கழுதையின் காதுகளைப் போன்று அதன் காதுகள் நீண்டு அகன்றிருப்பதால் அதனை ‘மியூல் டீர்’ என்பர். பின்புறம் வெண்மை, வால் கயிறுபோல் மெலிந்து நுனியில் கருத்திருக்கும். கலைமானின் கொம்பு கவைகவையாகப் பிரியும். ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். அச்சமுற்றால் நான்கு கால்களையும் ஒருசேர ஊன்றி, பந்து எழும்புவதுபோல் துள்ளித் துள்ளி மேட்டில் ஏறிவிடும். அத்துள்ளலை ஒருமுறை கண்டவர் மறவார்.

இம்மான் யாருடைய சொத்து என்று நாம் கேட்டறிந்தபோது நமக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. அது மன்னனுக்கோ நிலக்கிழாருக்கோ உரியதன்று. பொதுமக்களுக்காக அரசாங்கம் காத்துவரும் பொதுச் சொத்து. முன்னர் நிலைமை வேறு. 19-ஆம் நூற்றாண்டில் சந்தையில் விற்பதற்காகவே கணக்கின்றிச் சுட்டுத் தள்ளியதால் மான் கூட்டங்கள் பல இடங்களில் அருகிப்போயின. 1900-இல் லேசி சட்டம் வந்தது. சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு விற்பதை அது தடுத்தது. 1937-இல் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வந்தது; வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவிற்கும் விதிக்கும் 11 சதவிகித வரி வனவிலங்குப் பாதுகாப்பிற்கே செல்கிறது. கொலராடோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம் மத்திய அரசாங்கத்தின் பொது நிலம். அங்கு மான் சுட விரும்புவோர் விண்ணப்பித்துக் குலுக்கலில் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். கிடைக்காதவருக்கு ஒரு புள்ளி சேரும். புள்ளி மிகுந்தவருக்கு அடுத்த முறை முன்னுரிமை. பணம் படைத்தோர்க்கு வேறு சில வழிகளும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அக்குலுக்கலில் சுரங்கத் தொழிலாளியும் முதலாளியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். துரையின் வேட்டைக்குத் தகரம் தட்டியவரின் பேரனுக்கு இது சிறு செய்தியன்று.

1949-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலோ அதன் பின்னரோ பிறந்தவர், பாதுகாப்புப் பயிற்சியில் தேறினாலன்றிப் பொதுவாக அங்கு அனுமதிச் சீட்டுப் பெறுதல் இயலாது. இளைஞர்களுடன் பெஞ்சில் அமர்ந்து நாமும் அப்பயிற்சியை முடித்தோம். குறிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் விசையைத் தொடாதே என்பதே அங்கு முதலாவதாக நம் மனத்தில் ஏற்றிய விதி. பின்னர் ஒரு முதிய நண்பர் நமக்கு ஆசானாக வாய்த்தார். மாட்டுப் பண்ணையில் உழைத்து ஓய்ந்தவர், சொல் குறைந்தவர். அவர் மேற்பார்வையில் பல வாரங்கள் காகிதக் குறியில் சுட்டுப் பழகினோம். ‘படுத்த நிலையில் 200 கெஜம் வரை உமது கை நம்பத்தக்கது. அதற்கு மேல் உமக்கு உரிமையில்லை’ என்றார் அவர். அவ்வெல்லையைத் தாண்டுவதில்லை என்று நாமும் உறுதி கூறினோம்.

இரண்டு ஆண்டுகள் குலுக்கல் நம்மைக் கைவிட்டது. மூன்றாம் ஆண்டு, கன்னிசன் என்னும் ஊரை அடுத்த மலைப்பகுதியில் ஒரு கலைமானுக்குச் சீட்டுக் கிடைத்தது. அவ்வூரே 7,700 அடி உயரத்தில் இருக்கிறது. மலாயாத் தீபகற்பத்தின் உச்சியான தாஹான் மலையும் அதற்குத் தாழ்ந்ததே. 2007–08 குளிர்காலத்தில் அங்கு வீழ்ந்த பெரும் பனியில் எண்ணற்ற மான்கள் மாண்டன என்பதை அவ்வூரார் இன்றும் பேசுவர்.

வேட்டை அக்டோபரில், வேவு பார்த்தலோ ஆகஸ்டிலேயே தொடங்கிற்று. விடியுமுன் மேட்டில் ஏறி அமர்ந்து, தூரக்கண்ணாடியால் எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டும். முதல் நாள் இரண்டு மணிநேரம் பார்த்தும் நமக்குச் சேஜ் புதர்களும் ஆஸ்பன் மரங்களுமே தென்பட்டன. நண்பர் கண்ணாடியை வாங்கி ஐந்து நிமிடத்தில் ஏழு மான்களைக் காட்டினார்! ‘மானைத் தேடாதீர், ஒரு காதைத் தேடும், ஒரு முதுகுக் கோட்டைத் தேடும்’ என்றார். முழு மானை எதிர்பார்த்த நம் கண்ணுக்கு மானின் துண்டுகள் புலப்படவில்லை.

காற்றின் பாடம் அதனினும் கடினம். விடியலில் குளிர்ந்த காற்று சரிவின் வழியே கீழிறங்கும். வெயில் ஏறியதும் சூடேறிய காற்று மேல்நோக்கித் திரும்பும். இதனை மறந்து, ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கூட்டத்தைக் கீழிருந்து அணுகினோம். ஒரு கிளையும் ஒடியவில்லை. எனினும் 300 கெஜத்தில் கிழட்டுப் பிணையொன்று தலை நிமிர்த்தி மூக்கை உயர்த்திற்று. அடுத்த கணம் சரிவு வெறுமையாயிற்று. ஆரஞ்சு நிறத்தை மான் நம்மைப்போல் பிரித்தறிவதில்லை. ஆகவேதான் வேட்டைக்காரர் ஒருவரையொருவர் சுட்டுவிடாதிருக்க, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புச் சட்டையும் தொப்பியும் அணியுமாறு சட்டம் கூறுகிறது. ஆனால் மூக்கை ஏமாற்ற வழியில்லை. ஐந்து வார இறுதிகள் அம்மலையில் அலைந்தோம். அவை எங்கே மேய்கின்றன, எந்த நிழலில் படுக்கின்றன, எவ்வழியே நீருக்கு இறங்குகின்றன என்பதெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாக விளங்கலாயின.

அக்டோபர் இறுதியில் வேட்டைக்காலம் தொடங்கிற்று. நம் கையில் நான்கு நாட்களே இருந்தன. முதலிரு நாட்களும் வீணாயின. ஆகஸ்டில் நாம் குறித்து வைத்த இடங்களை விட்டு மான்கள் தாழ இறங்கிவிட்டன. மூன்றாம் நாள் காலை, 150 கெஜத்தில், மலைமுகட்டின்மேல் ஓர் அழகிய கலைமான் வானத்தை எதிரே வைத்து நின்றது. விரல் விசையருகே சென்றது. முகட்டிற்கு அப்பால் என்ன இருக்கிறதென்பது நமக்குத் தெரியாது. தவறிய குண்டு எங்கு வீழுமோ! விரலை எடுத்தோம். மான் முகட்டைக் கடந்து மறைந்தது. நண்பர் நம் தோளைத் தட்டி, ‘இன்று நீர் வேட்டைக்காரர் ஆனீர்’ என்றார். அப்பாராட்டு நம் தலைக்கேறியது போலும்.

நான்காம் நாள் மாலை. மறுநாள் இரவு வண்டி ஏறினாலன்றி வேலைக்குத் திரும்புதல் இயலாது. நண்பர் வேறொரு மேட்டில் இருந்தார். ஒளி மங்கும் வேளையில் ஆஸ்பன் ஓரத்திலிருந்து ஒரு கலை வெளிப்பட்டது. தூரமளக்கும் கருவி 260 கெஜம் என்று காட்டிற்று. படுத்தால் புதர் மறைத்தது. ஆகவே உட்கார்ந்தபடியே துப்பாக்கியை ஏந்தினோம். மூச்சு நிலைகொள்ளவில்லை. இரண்டு ஆண்டுக் காத்திருப்பும், ஐந்து வார அலைச்சலும், வெறுங்கையோடு ஊர் திரும்பும் வெட்கமும் ஒன்றாய்த் திரண்டு விரலை அழுத்தின. நாம் சுட்டோம்.

மான் விழவில்லை. முதுகை வளைத்து, மெல்ல நடந்து மரங்களுக்குள் புகுந்தது. அதன் பொருள் அப்போது நமக்கு விளங்கவில்லை. ஓடிவந்த நண்பரின் முகம் விளக்கிற்று. குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் பாய்ந்திருந்தது. பின்தொடரலாம் என்று நாம் எழுந்தோம். அவர் கையைப் பற்றி அமர்த்தினார். அங்ஙனம் அடிபட்ட மானை உடனே துரத்தினால் அது உயிரைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடி யாரும் காணா இடத்தில் சாகும். விட்டுவிட்டால் அருகிலேயே படுக்கும். ‘எத்தனை கெஜம்?’ என்று மட்டும் கேட்டார். சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைவிட ஓர் அறை நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றிரவு கூடாரத்தில் நாம் உறங்கவில்லை. நீர் உறையும் குளிர். நம் அவசரத்தால் ஓர் உயிர் அவ்விருளில் வாய்விட்டுச் சொல்ல வழியின்றித் துடித்துக்கொண்டிருந்தது. உணவின் விலையை அறியவேண்டும் என்று வந்தோம். நாம் செலுத்தவேண்டிய விலையையும் மானின் தலையிலேயே சுமத்திவிட்டோம். துரைமார் சுட்டுவிட்டுப் போன விலங்குகளைப் பற்றி நம் பாட்டனார் கூறிய கதைகளில், காயம்பட்டு ஓடியவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இருந்ததில்லை. அவற்றை யார் தேடினார்கள்?

விடிந்ததும் தேடலானோம். உலர்ந்த ஆஸ்பன் இலைகளில் இங்கொரு துளி, அங்கொரு துளி. ஒவ்வொரு துளியருகிலும் ஒரு வெள்ளைத் தாள் துண்டு வைத்துத் தவழ்ந்தோம். ஓரிடத்தில் அடையாளம் அற்றுப்போயிற்று. ஒரு மணிநேரம் அலைந்த பின்னர், பள்ளத்தில் மேக்பை பறவைகள் இரைவதைக் கேட்டு நண்பர் அத்திசையில் நடந்தார். கலை அங்கே மடங்கிக் கிடந்தது, கண்கள் திறந்திருந்தன. நாம் மண்டியிட்டு அதன் கழுத்தில் கைவைத்தோம். குளிர்ந்திருந்தது.

சீட்டில் தேதியிட்டுக் கையொப்பமிட்டு உடலோடு கட்டினோம். இரவுக் குளிரின் புண்ணியத்தால் இறைச்சியிற் பெரும்பகுதி தப்பிற்று. உள்தொடையருகே சிறிது கெட்டிருந்தது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் எறிந்துவிட்டு வருவது அங்குக் குற்றம். நமக்கோ ஒரு துண்டையும் விட்டுவர மனம் வரவில்லை. ஏறத்தாழ 60 இராத்தல் இறைச்சியை இரண்டு நடையாகத் தோளில் சுமந்து இறங்கினோம். கொம்பை நண்பர் எடுத்து நீட்டினார்; நாம் வாங்கவில்லை. வீட்டில் முதல் நாள் மிளகும் மல்லியும் அரைத்து மனைவியார் சமைத்தபோது, நடந்தது முழுவதையும் பிள்ளைகளிடம் கூறிய பின்னரே இலையில் கை வைத்தோம்.

மறு ஆண்டு ஒரு பிணைக்குச் சீட்டுக் கிடைத்தது. மூன்றாம் நாள் மாலை, 230 கெஜத்தில் ஒன்று அசையாது நின்றது. கருவியின் எண்ணைப் பார்த்தோம். துப்பாக்கியிலிருந்த தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, ஒளி அடங்கும் வரை அது மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெறுங்கையோடு மலையிறங்கிய நம்மைக் கண்ட நண்பர், ‘எத்தனை கெஜம்?’ என்று கேட்டார். சொன்னோம். இம்முறை அவர் சிரித்தார்.

அன்பர்களே, ஒரு காலத்தில் சிலருக்கே உரியதாயிருந்த பொருள் எல்லார்க்கும் பொதுவாகும்போது நாம் மகிழ்கிறோம், மகிழ வேண்டியதே. ஆயின் உரிமை நம் கைக்கு வந்த அன்றே, அதனை எவ்வளவு தூரம் வரையில் செலுத்தலாம் என்னும் அளவுகோலும் நம் கைக்கே வந்துவிடுகிறது. துரையின் துப்பாக்கியை நாம் பெற்றுக்கொண்டு, அவர் வழக்கத்தையும் சேர்த்தே பெற்றுக்கொண்டோமானால், மானுக்கு அதனால் வந்த நன்மை யாது?