மாமனார் பெயரில் ஒரு கடிதம்

ஓஸ்லோவுக்குக் குடிவந்து ஐந்து வாரம் ஆகியும் மனைவிக்கு வரவேண்டிய கடிதம் வரவில்லை. சாதாரணக் கடிதம் என்றால் போகட்டும் என்று விட்டிருப்போம். அவளுடைய 11 இலக்க அடையாள எண் அதில்தான் வரவேண்டும். அது கைக்கு வராமல் பேங்க், டாக்டர் என்று எந்த வேலையும் நகரவில்லை. போன் போட்டுக் கேட்டால், "அனுப்பினோமே, திரும்பி வந்துவிட்டதே" என்றார்கள். தெருப் பெயர் சரி, கட்டட எண் சரி. பிறகு எப்படித் திரும்பும்?

மூன்றாம் மாடி அக்காதான் கண்டுபிடித்தார்.

"பெட்டியில பேர் ஒட்டேல்லையோ தம்பி? பேர் இல்லாட்டிக் கடிதம் போடமாட்டினம், திருப்பிக் கொண்டுபோயிடுவினம்."

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். 80களின் கடைசியில் வட நார்வேயின் மீன் ஆலைகளுக்கு வேலைக்குப் போன ஈழத்தமிழர்களில் ஒருவர். பிறகு பலரையும் போல ஓஸ்லோவின் கிழக்கே, க்ரூருட் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டார். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு, கம்பெனி எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் வந்து இறங்கிவிட்டு இதற்கெல்லாம் தடுமாறும் எங்களைப் பார்த்தால் அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும் என்று நினைக்கிறேன். காட்டிக்கொண்டதில்லை.

கீழே போய்ப் பார்த்தேன். வாசலை ஒட்டி வரிசையாக அஞ்சல்பெட்டிகள். எங்கள் பெட்டியில் முன்பு குடியிருந்தவரின் பெயர் அப்படியே இருந்தது. மன்னார்குடியில் எங்கள் தெருத் தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்து நான் பார்த்ததில்லை. "வாத்தியார் வீட்டு மருமகளுக்கு" என்று எழுதினாலும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். இங்கே ஆளைத் தெரிய வேண்டியதில்லை, பெயர்ப் பலகை இருந்தால் போதும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவில், ஒரே எழுத்தில் பலகை. அதற்கு ஒரு படிவம். படிவத்தில் ஒரு கட்டம்: குடும்பப் பெயர்.

அந்தக் கட்டத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றோம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் எடுக்கும்போது, கட்டம் காலியாக இருந்தால் வெளிநாட்டில் தொந்தரவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இனிஷியலை நீட்டிப் போட்டுவிட்டோம். ஆகவே எனக்குப் பின்னால் என் அப்பா. மனைவிக்குப் பின்னால் என் மாமனார். மகளுக்குப் பின்னால் நான். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்று குடும்பப் பெயர். மனைவியின் பெயரில் வந்த கடிதத்தில், இந்த ஊர்க் கணக்குப்படி முக்கியமான பெயர் மாமனாருடையது. அவர் அந்த நேரத்தில் கும்பகோணத்தில் ரேஷன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்திருப்பார்.

"எல்லாருக்கும் ஒரே பேரா மாத்திடலாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கல்யாணம் ஆனதுக்காக எங்கப்பாவ எதுக்கு அழிக்கணும்?" என்றாள்.

மூன்று பெயரும் எழுதிக் கொடுத்தேன். பலகையில் அடங்குவதற்காக எழுத்தைச் சிறிதாக்கினார்கள். பக்கத்துப் பெட்டிகளில் ஒற்றை வரியில் ஹான்சன், நுயென் என்றிருக்க, எங்கள் பெட்டி மட்டும் வக்கீல் ஆபீஸ் போர்டு மாதிரி ஆயிற்று. ஆனால் கடிதம் வந்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை 'டுக்நாட்'. குடியிருப்பில் உள்ள எல்லோரும் இறங்கி வந்து பொது வேலை செய்கிற நாள். குளிர்காலம் முழுக்க வழுக்காமல் இருக்கக் கொட்டிய பொடிக்கல்லைக் கூட்டி அள்ளுவது, செடிகளுக்கு மண் கொத்துவது, முடிந்ததும் சாசேஜும் காபியும். குளிர்காலத்தில் லிஃப்ட்டில் தலைகூட அசைக்காதவர்கள் கையில் துடைப்பம் வந்ததும் பேச ஆரம்பிக்கிறார்கள். இரண்டாம் மாடிப் பெரியவர், டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர், என்னிடம் கேட்டார்: "உங்கள் வீட்டில் எத்தனை குடும்பம்?"

இனிஷியல் கதையைச் சொன்னேன். நம் ஆட்கள் ஆங்கிலத்தில் இதை விளக்கும்போது வரும் அந்த லேசான மன்னிப்புக் குரலில்தான் சொன்னேன். அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டு, "என் தாத்தாவும் அப்படித்தான்" என்றார்.

நார்வேயில் எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்ததே 1923இல்தான். நகரங்களில் அதற்கு முன்பே பெயர்கள் உறைய ஆரம்பித்துவிட்டன. கிராமங்களில் அப்பா பெயர்தான். ஹான்ஸின் மகன் ஹான்சன், அந்த மகனின் பெயர் ஊலே என்றால் பேரன் ஊல்சன். மகள் என்றால் 'டாட்டர்' என்று முடியும். அதற்குப் பின்னால் குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும். வேலைக்காக வேறு பண்ணைக்குப் போன குடும்பம் மூட்டை முடிச்சோடு புதுப் பெயரும் வாங்கிக்கொள்ளும். சட்டம் வந்த பிறகு எந்தப் பெயர் யாரிடம் இருந்ததோ அதுவே வம்சத்துக்கு நின்றுவிட்டது. இன்று நார்வேயில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் ஹான்சன். 'ஹான்ஸின் மகன்' என்ற பெயரோடு எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பெட்டிப் பாட்டியும் அதில் ஒருவர்.

பெரியவரின் பெயர் ஒரு பண்ணையின் பெயர். போயிருக்கிறீர்களா என்றேன். "ஒரே ஒரு முறை, காரில் இருந்தே பார்த்தேன். அங்கே இப்போது வேறு பெயர்க்காரர்கள் இருக்கிறார்கள்."

நார்வேக்காரர்கள் அந்தப் பெயர்ச் சட்டம் போட்ட ஆறாவது வருஷம், 1929இல், செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை எடுத்துவிடச் சொன்னது. அவர்கள் வாலை ஒட்டினார்கள், நாம் வெட்டினோம். இப்படி வெட்டிய இடத்தைத்தான் உலகத்துப் படிவங்கள் எல்லாம் காலிக் கட்டமாகப் பார்க்கின்றன. எனக்கு அந்த மன்னிப்புக் குரல் அன்றோடு போயிற்று. பெரியவரின் மனைவி மட்டும் காபியை நீட்டிக்கொண்டே, "இதில் அம்மாக்கள் எங்கே?" என்று கேட்டார். சாசேஜ் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஊருக்கே பெயர் மாறிய ஊர் இது. 1624இல் தீப்பிடித்து எரிந்த பிறகு டென்மார்க்–நார்வே அரசர் நான்காம் கிறிஸ்டியான் நகரைப் புதிதாகக் கட்டித் தன் பெயரை வைத்துவிட்டுப் போனார். 300 வருஷம் கிறிஸ்டியானியாவாக இருந்துவிட்டு 1925 ஜனவரி 1 அன்றுதான் பழைய ஓஸ்லோ திரும்பியது. மெட்ராஸ்காரனுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. 1956இல் அந்தோனி ராஜேந்திரம் என்ற ஈழத்தமிழர் வந்ததிலிருந்து தமிழர் பெயர்கள் இங்கே இருக்கின்றன என்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, குழந்தையாக இங்கே வந்த ஹம்சாயினி குணரத்தினம் 2015இல் ஓஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். "குணரத்தினம் எண்டு டீவியில சொல்லேக்க நாக்கு இப்ப நல்லாத் திரும்புது" என்றார் அக்கா.

எங்கள் மகளின் பெயரில்தான் நாக்கு வேறு பக்கம் திரும்பியது. அவள் பெயர் 'ஜெ'யில் தொடங்கும். நார்வே மொழியில் அந்த எழுத்துக்கு ய ஒலி. பாலர் பள்ளியில் முதல் நாளே 'யெ' ஆகிவிட்டாள். வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், யாழ்ப்பாணத்தின் ய-வை ஐரோப்பியர்கள் ஜ-வாக்கி ஜாஃப்னா என்றார்கள். அதையே நார்வேக்காரர் வாசிக்கும்போது யாஃப்னா. போன எழுத்து திரும்பி வந்திருக்கிறது.

அந்தப் பள்ளியில் சாமான்களுக்கெல்லாம் பெயர் ஒட்ட வேண்டும். கம்பளி உள்ளாடை இரண்டு செட், உடம்பு முழுக்க மூடும் பனி உடை, மழைக்குத் தனி உடை, பூட்ஸ், விரலில்லாத கையுறை நாலு ஜோடி. கையுறை எப்படியும் தொலையும் என்பதால் நாலு. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். துண்டுச் சீட்டு சிறியது; மகள் பெயருக்கு முதல் எழுத்தும், பின்னால் குடும்பப் பெயரும்தான் கொள்ளும்.

டிசம்பரில் ஓஸ்லோவில் சூரியன் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் இருக்கும். காலை எட்டரைக்கு அரையிருட்டில் ரயிலுக்கு நடந்துகொண்டிருந்தேன். இங்கே வழியில் கிடக்கும் கையுறையை எடுத்து, பார்வைக்குப் படுகிற இடத்தில் மாட்டிவைப்பார்கள். வேலிக் கம்பத்தின் உச்சியில் சிவப்பாக ஒன்று, கை தூக்கினாற்போல் நின்றது. உள்பக்கத்தைப் புரட்டி, தெரு விளக்குக்கு நேரே பிடித்தேன். என் பெயர்.