நோட்டில் காலியாக உள்ள தேதிகள்

ஜூலை 6, 2021

நேற்றிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடுகிறது. புதுச்சேரிக்கு இன்னும் இல்லை. எதிர்வீட்டுக் குழந்தையைக் கார் பிடித்துத்தான் ஜிப்மருக்குக் கொண்டுபோனார்கள். இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டியவள். இரவு அவள் அப்பா போனில் சொன்னார்: இரத்தப் புற்றுநோய். தூக்கம் வரவில்லை. எழுதிவைக்கிறேன்.

ஜூலை 8

முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். அவள் அப்பாவுக்கு விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் கூலி வேலை. ஊரடங்கில் சூளையே பற்றவில்லை. விஏஓ மறுபேச்சில்லாமல் சான்று கொடுத்தார். ஆதார், ரேஷன் அட்டை எல்லாம் என் கடையிலேயே ஜெராக்ஸ்.

ஜூலை 11

டீக்கடையில் பையன்கள் கேரளக் கதை பேசினார்கள். கண்ணூர் மாட்டூலில் ஒன்றரை வயதுக் குழந்தையின் தசைநார் நோய்க்கு 18 கோடி கேட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அவ்வளவும் சேர்ந்துவிட்டது. நம் குமாரபாளையத்துக் குழந்தைக்கும் அதே ஊசிதான், விலை 16 கோடி. "போட்டோ போனுக்கு போன் போச்சுண்ணே, அதான். நம்ம பாப்பா போட்டோவ பிளெக்ஸ் போடுவோம்" என்றார்கள். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

சாயங்காலம் அவள் அப்பா கடைக்கு வந்தார். அச்சில் பொம்மைக்குக் கரைசல் ஊற்றிவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். முழங்கை வரை வெள்ளைக் களி காய்ந்து வெடித்திருந்தது. கேட்டதும் தலையை ஆட்டினார்.

"போட்டோ வேணாம்ணே. நாளைக்கி இவ பள்ளிக்கூடம் போவணும். வசூல் பண்ணிப் பொழச்ச புள்ளன்னு பேரு ஆயிடும்."

கொஞ்சம் பொறுத்து, "குடுக்கறவங்க பேர மொய் நோட்டு மாரி எழுதி வைங்க. நான் திருப்பிச் செய்யணும்" என்றார்.

மொய் என்றால் கல்யாணத்துக்குக் கல்யாணம், காதுகுத்துக்குக் காதுகுத்து. இதை எந்த விசேஷத்தில் திருப்புவது? கேட்க வாய் வரவில்லை. புது நோட்டு எடுத்துக் கோடு போட்டேன்.

ஜூலை 16

குமாரபாளையம் குழந்தையின் மருந்துக்கு வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்துவிட்டது. ஏறக்குறைய 6 கோடி. டீக்கடையில் ஏதோ நாமே ஜெயித்த மாதிரி சத்தம்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. வைத்தியநாத சுவாமி கோயில் வாசலில் பூக்காரம்மா 200 ரூபாயைத் திணித்தார். "பேரெல்லாம் எழுதாத" என்று கண்டிப்பு வேறு. அந்த வரியில் தொகை மட்டும்.

ஜூலை 22

ராத்திரி பதினோரு மணிக்கு போன். பிளேட்லெட் இறங்கிவிட்டது, காலையில் ஆள் வேண்டும். பையன்கள் வேன் பிடித்துத் தயாராக நின்றார்கள். அதில் பாதிப் பேர் போன வாரம்தான் கொரோனா ஊசி போட்டவர்கள். 14 நாள் இரத்தம் கொடுக்க முடியாது. நோட்டு நிறையப் பணம் இருந்தது, அதை வைத்து அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. விடிவதற்குள் எப்படியோ மூன்று பேர் கிளம்பினார்கள்.

இரத்த வங்கியில் சொல்லி அனுப்பியது: பிளேட்லெட்டை 5 நாளுக்கு மேல் வைக்க முடியாது. முன்கூட்டியே சேர்த்து அடுக்குகிற பொருள் இல்லை. முழு இரத்தம் கொடுத்தவர் ஆண் என்றால் 3 மாதம், பெண் என்றால் 4 மாதம் காத்திருக்க வேண்டும். இயந்திரத்தில் பிளேட்லெட் மட்டும் கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம். ஆகவே கூட்டமாகப் போய்ப் பிரயோசனமில்லை, முறை வைத்துப் போக வேண்டும். நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பித் தேதி போட்டேன்.

ஆகஸ்ட் 1

பாப்பாவுக்குக் காய்ச்சல் 103.

ஆகஸ்ட் 13

வீட்டுக்கு வந்துவிட்டாள். முடி கொட்டிவிட்டது. ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகத் தெருவே திரண்டு போனது. அவள் அம்மா மாஸ்க்கோடு வாசலை மறித்து நின்று, "அக்கா, கோச்சுக்காதீங்க, உள்ள வராதீங்க" என்று அழுதார். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. இவ்வளவு கொடுத்த பிறகு பார்க்கக்கூட விடவில்லையே என்று ஒருவர் என் கடையில் வந்து பொரிந்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது.

ஆகஸ்ட் 29

டீக்கடையில் இப்போது வேறு பேச்சு. சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் போகும். இடையில் விடாமல் முடித்தால் அவளுக்கு வந்திருக்கிற வகை இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். பாதியில் நின்றுபோவதும் கிருமித்தொற்றும்தான் நம் பக்கத்தில் பல குழந்தைகளைக் கொண்டுபோகின்றன. பஸ் கட்டணம், போன கூலி, துணைக்கு ஆள் இல்லாமை: நிற்பதற்கு இவை போதும்.

செப்டம்பர் 4

அவள் அப்பா வந்திருந்தார். ஜிப்மரில் பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு பிளேட்லெட் கொடுத்தாராம். "ஒருத்தருக்குச் செஞ்சிட்டேண்ணே" என்றார். இந்த இரண்டு மாதத்தில் அவர் நிமிர்ந்து பேசி இன்றுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 12

இன்று கடை வாசலில் எழுதி ஒட்டியது:

செப்டம்பர் 20க்குப் பிறகு நோட்டில் ஒரு பெயரும் இல்லை. 18 வயது முடிந்து, 50 கிலோ எடையும் நல்ல உடம்பும் உள்ளவர்கள் உள்ளே வந்து ஒரு தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் இப்போதைக்கு வேண்டாம்.