வசந்தகாலத்து வீடு

நுவரெலியாவுக்கு ஆண்டுதோறும் ஏப்ரலில் ‘வசந்தகாலம்’ வருகிறது. கொழும்பின் வெக்கையைத் தாங்கமாட்டாத வெள்ளைத் துரைமார், 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே தமக்கென அமைத்துக்கொண்ட உல்லாச ஊர் இது. துரைமார் போய்விட்டனர், வழக்கம் போகவில்லை. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வாகன நெரிசல் என ஊர் அமளிப்படும். பதினொரு மாதம் பூட்டிக் கிடந்த வீடுகள் நாள் வாடகைக்குத் திறக்கப்படும்.

அத்தகைய வீடொன்றின் திறப்பு எம்மிடம் இருக்கிறது. உரிமையாளர் கொழும்பில் வணிகம் செய்யும் உறவினர். நாம் அருகிலுள்ள பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கிறோம். பக்கத்தில் இருக்கிறோம் என்ற ஒரே தகுதியால், பங்குனி மாதத்தில் அவ்வீட்டை ஆயத்தம் செய்யும் பொறுப்பு எம் தலையில் விழுகிறது. பல்கலைக்கழகத்தில் தொல்காப்பியம் கற்றது, குழாய் அடைப்பெடுப்பதற்குச் சற்றும் உதவவில்லை.

கதவைத் திறந்ததும் பூஞ்சண நாற்றம் எதிர்கொள்ளும். மெத்தைகள் ஈரம் உறிஞ்சிக் கனத்திருக்கும். புகைபோக்கியிலே பறவை கூடு கட்டியிருக்கும். தண்ணீர்த் தாங்கியின் அடியில் ஒரு சாண் சேறு. சுடுநீர்க் கருவி இயங்காது. அதைத் திருத்துபவரை அம்மாதத்தில் ஊரே தேடிக்கொண்டிருக்கும். கரண்டிகளை எண்ணினால் பட்டியலிலுள்ள தொகை வராது. மறுபடி எண்ணினால் வேறொரு தொகை வரும். கம்பளிகளை உலர்த்துவதுதான் பெரும்பாடு. அக்காலத்து வெயில் முற்பகலோடு சரி; பிற்பகலில் இடி முழங்க மழை இறங்கிவிடும். 16 கம்பளிகளையும் விரித்து, மூட்டம் கண்டு அள்ளி, வெளிச்சம் கண்டு மீண்டும் விரித்து, மாலையில் பார்த்தால் உலர்ந்தது எது, நனைந்தது எது என்று தெரியாது.

இவ்வேலைகளிற் பெரும்பகுதியைச் செய்பவர் அருகிலுள்ள தோட்டத்துத் தாய் ஒருவர். ஆறு நாள் கொழுந்து பறித்துவிட்டு ஞாயிறுதோறும் இங்கு வருகிறார். கூட வரும் மகள் எம் மாணவி. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள்.

சென்ற ஆண்டு, தலையணைகளுக்கு உறை மாட்டிக்கொண்டே அத்தாய் கேட்டார்: “மத்த மாசமெல்லாம் இந்த வீட்டுல யாரு டீச்சர் இருப்பாங்க?”

“ஒருவருமில்லை.”

“சும்மாவா கெடக்கு?”

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எட்டுக் கட்டில்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த உறையை எடுத்தார்.

அவர் குடும்பத்தில் அறுவர். ஆங்கிலேயர் காலத்து லயத்திலே 10 அடிக்கு 12 அடிக் காம்பரா ஒன்றும், அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் அவர்களுக்கு உண்டு. எல்லோரும் உறங்கிய பின்னர் முழங்காலின்மேல் கொப்பியை வைத்து மகள் படிக்கிறாள். இவ்வீட்டிலோ பத்துப் பேர் அமரும் சாப்பாட்டு மேசை. ஞாயிறு மாலைகளில் வேலை முடிந்ததும் அம்மேசையில் அவள் கணக்குச் செய்தாள். விருந்தாளிகள் வந்ததும் அது நின்றது.

மற்றைய மாதங்களில் அக்கூடத்தை மாணவர் சிலர் படிப்பதற்குத் திறந்துவைக்கலாமா என உரிமையாளரைக் கேட்டோம். “உள்ளே விட்டால் பிறகு வெளியேற்ற முடியாது” என்றார். கோயிலுக்கும் நூல்நிலையத்துக்கும் வாரி வழங்குபவர் அவர்.

இச்சொல் எமக்குப் புதிதன்று. இம்மக்களுக்குக் குடியுரிமையை மறுத்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த அச்சமே குடியிருந்தது. 2017இல் இந்தியப் பிரதமர் மலையகம் வந்தபோது, முன்னைய 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2023இல் இம்மக்கள் இங்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தமை நினைவுகூரப்பட்டது. சில இடங்களில் வீடுகள் எழுந்தன. லயங்களோ இன்னும் நிற்கின்றன.

ஓய்வெடுக்க வருபவர்மீது எமக்குக் கோபமில்லை, உழைத்தவர் ஓய்வெடுக்கட்டும். ஆனால், ஓய்வுக்கென்று ஒரு வீட்டைப் பூட்டி வைத்திருக்கக்கூடிய சமுதாயம், உழைப்பவருக்கு உறையுள் தரமாட்டாதிருப்பது நீதியாகுமா? வீடும், அது நிற்கும் நிலமும், காணி உறுதியோடு அத்தாயின் பெயரில் எழுதப்படவேண்டும். இது இரக்கத்தால் ஈவதன்று, உரிமையால் பெறுவது.

அந்நாள் வரும்வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. அதிபரின் இசைவோடு எம் பாடசாலையில் ஒரு வகுப்பறையை மாலை ஆறு மணிவரை திறந்துவைத்திருக்கிறோம். பதினெட்டு மாணவர் வருகின்றனர். கணித ஆசிரியர் ஒருவரும் துணைநிற்கிறார். மலையகமெங்கும் இத்தகைய அறைகள் திறக்கப்படவேண்டும். ஆசிரியத் தோழர்கள் முன்வருவார்களாக.