இரண்டு பெட்டி, ஒரே ஆட்டம்: செங்காங் நாட்குறிப்பு

2007 ஜூலை

கட்டணத் தொலைக்காட்சியில் விளையாட்டை ஒரே நிறுவனத்துக்கு மட்டும் விற்பது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. அதை வாங்க இரண்டு நிறுவனங்கள் மோதிக்கொள்வதுதான் இனிமேல் புதிது. சிங்டெல் இந்த மாதம் மியோ டிவி சேவையைத் தொடங்கியிருக்கிறது. இதுவரை இருந்தது ஸ்டார்ஹப் ஒன்றுதான். 1995இல் சிங்கப்பூர் கேபிள்விஷன் என்று தொடங்கி 2002இல் ஸ்டார்ஹப்பில் சேர்ந்த சேவை அது. செங்காங் போன்ற புது நகரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுச் சாவி கைக்கு வரும்போதே கூடத்துச் சுவரில் கேபிள் முனையும் தயாராக இருக்கும். காற்பந்தோ கிரிக்கெட்டோ சன் டிவி தொடரோ, எல்லாம் அந்த ஒரு முனை வழியாகத்தான் வந்தது.

இந்தியாவில் இதே ஆண்டு வேறு வழி பிறந்தது. ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் அணி அங்கு ஆடியபோது, உரிமையை வைத்திருந்த நிம்பஸ் நிறுவனத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் இடையே தகராறு மூண்டது. பிப்ரவரியில் அவசரச் சட்டம் வந்தது; அடுத்து நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டம் என்று அரசு அறிவித்தால், உரிமை யாரிடம் இருந்தாலும் நேரடி ஒளிபரப்பை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25 பங்கு. கேபிள் வசதி இல்லாத கிராமத்து வீட்டுக்கும் ஆட்டம் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம்.

2009 அக்டோபர்

2010 முதல் 2013 வரையிலான மூன்று பருவ இங்கிலிஷ் பிரிமியர் லீக் ஆட்டங்களை ஸ்டார்ஹப்பிடமிருந்து சிங்டெல் தட்டிப் பறித்துவிட்டது. இந்த ஆண்டு முன்னதாகவே சாம்பியன்ஸ் லீக் உரிமையும் அதன் கைக்குப் போனது. பிரிமியர் லீக்குக்கு அது கொடுத்த தொகை சுமார் 40 கோடி வெள்ளி என்று பத்திரிகைகள் மதிப்பிட்டிருக்கின்றன. நிறுவனம் தொகையைச் சொல்லவில்லை.

போட்டி வந்தால் விலை இறங்கும் என்பது சந்தைக்கடையின் பொது விதி. இங்கே விதி தலைகீழாகிறது. விற்பவர் ஒருவர், பொருளும் ஒன்றே. வாங்க வந்த இருவரும் எதிராளி எவ்வளவு கேட்பான் என்று தெரியாமலே மூடிய உறையில் தொகை எழுதுகிறார்கள். தோற்றால் வாடிக்கையாளர் கூட்டமே கையை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில், தேவைக்கு மேலேயே எழுதுவார்கள். வென்றவர் அந்தப் பணத்தைத் தம்முடைய சந்தாதாரரிடம்தான் எடுக்க முடியும். சிங்கப்பூரில் இருப்பவை ஏறத்தாழ 11 லட்சம் குடும்பங்கள். அதில் காற்பந்துக்குப் பணம் கட்டுபவை ஒரு பகுதிதான். இவ்வளவு சிறிய எண்ணிக்கையின் தலையில் இவ்வளவு பெரிய தொகை இறங்குகிறது.

இங்கிலாந்தின் அனுபவம் சிங்கப்பூருக்கு முன்னாலேயே கிடைத்த பாடம். ஐரோப்பிய ஆணையத்தின் வற்புறுத்தலால் பிரிமியர் லீக் தன் ஆட்டங்களை ஆறு தொகுப்புகளாகப் பிரித்தது; ஆறையும் ஒருவரே வாங்கக் கூடாது. 2007 பருவத்திலிருந்து ஸ்கை நிறுவனத்துக்கு நான்கு, செட்டான்டாவுக்கு இரண்டு. விளைவு, முன்பு ஒரு சந்தாவில் எல்லாம் பார்த்த ரசிகர் இரண்டு சந்தா கட்டினார். செட்டான்டா கடந்த ஜூனில் கடையை மூடியது. ஏகபோகத்தை உடைப்பதும் ரசிகரின் செலவைக் குறைப்பதும் ஒரே வேலை அல்ல.

2010 மார்ச் 12

ஊடக மேம்பாட்டு ஆணையம் புது விதியை அறிவித்திருக்கிறது. ஒரு நிறுவனம் தனியுரிமையாக வாங்கும் நிகழ்ச்சியை, மற்ற நிறுவனத்தின் பெட்டி வைத்திருப்பவரும் அதே பெட்டியில் பார்க்க வழி செய்ய வேண்டும். கட்டணத்தை உரிமை வைத்திருப்பவரே நிர்ணயிப்பார். உள்ளடக்கத்தை வைத்து வாடிக்கையாளரைச் சிறைபிடிக்காமல் சேவையின் தரத்தில் போட்டியிடுங்கள் என்கிறது ஆணையம். நல்ல விதி. ஆனால் இன்று முதல் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கே இது பொருந்தும். சிங்டெல்லின் பிரிமியர் லீக் ஒப்பந்தம் தேதியால் தப்பிவிட்டது.

2010 மே

காற்பந்து உலகக் கிண்ணம் தொடங்க ஐந்தே வாரம் இருக்கும்போதுதான் ஸ்டார்ஹப்பும் சிங்டெல்லும் சேர்ந்து உரிமை வாங்கியதாகச் செய்தி. முன்கூட்டிப் பதிபவருக்குப் பொருள் சேவை வரியுடன் 70.62 வெள்ளி, பிறகு 94.16 வெள்ளி. இருவரும் கைகோத்தும் விலை இறங்கவில்லை, காரணம் ஃபிஃபா கேட்ட தொகை. ஆண்டு முழுவதும் தொலைக்காட்சி பார்க்க ஒரு குடும்பம் அரசுக்குக் கட்டும் உரிமக் கட்டணம் 110 வெள்ளி. அதற்குச் சற்றே குறைவான தொகை ஒரு மாதத்து விளையாட்டுக்கு.

2010 ஆகஸ்ட்

பிரிமியர் லீக் பருவம் தொடங்கிவிட்டது. செங்காங்கின் ரிவர்வேல், ஆங்கர்வேல் பகுதி வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே இப்போது இரண்டு பெட்டிகள். ஒன்று ஸ்டார்ஹப், பாட்டியின் சன் டிவிக்கும் பிள்ளைகளின் கார்ட்டூனுக்கும். மற்றது மியோ டிவி, அப்பாவின் காற்பந்துக்கு. பின்புறம் மின்கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன. ரிமோட் மூன்று: பெட்டிக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று. தொடரிலிருந்து ஆட்டத்துக்குப் போக, ஒளிவழி எண்ணை மாற்றினால் போதாது. முதலில் தொலைக்காட்சியின் உள்ளீட்டையே மாற்ற வேண்டும். அது தெரிந்த பேரப்பிள்ளை துணைப்பாடத்துக்குப் போயிருந்தால் பாட்டி நீலத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இரட்டைப் பெட்டியின் செலவில் வெளியே தெரிவது மாதச் சந்தா. தெரியாதது, கூடவே கட்டிவிடும் தொகுப்பு. விளையாட்டு மட்டும் வேண்டும் என்பவரும் முதலில் அடிப்படை ஒளிவழிகளை எடுத்தாக வேண்டும். ஒப்பந்தக் காலமும் உண்டு. கிரிக்கெட்டுக்காக ஒருவரிடமும் காற்பந்துக்காக மற்றவரிடமும் போகிற இந்தியக் குடும்பம், பார்க்கவே பார்க்காத ஒளிவழிகளுக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறது. அநியாயம் விலையைவிட இந்தக் கட்டாயத்தில்தான் அதிகம்.

2011 அக்டோபர் 4

போர்ட்ஸ்மத் நகரில் மதுக்கடை நடத்தும் கேரன் மர்ஃபியின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்று தீர்ப்புச் சொன்னது. ஸ்கையின் வணிகச் சந்தா கட்டுப்படியாகாமல், கிரேக்க நாட்டு ஒளிபரப்பின் குறிவிலக்கி அட்டையை வாங்கிக் கடையில் பிரிமியர் லீக் காட்டினார். வெளிநாட்டு அட்டைக்குத் தடை போடுவது ஒன்றியச் சந்தையின் விதிகளுக்கு முரண் என்றது நீதிமன்றம். சில பகுதிகளின் பதிப்புரிமை பற்றி வேறு கேள்விகளைத் திறந்தும் வைத்தது.

சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு இந்த வாசலும் இல்லை. வீட்டில் செயற்கைக்கோள் வட்டில் வைக்க அனுமதி கிடையாது. ஆனால் ஒன்று உண்டு: இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களை உள்நாட்டில் நேரடியாகக் காட்டுவதில்லை, அரங்குகள் காலியாகிவிடக் கூடாது என்பதற்காக. அதே ஆட்டங்கள் இங்கே இரவு பத்துக்கோ பதினொன்றுக்கோ செங்காங் வீட்டுக் கூடத்தில் ஓடும். கொடுத்த காசுக்கு அந்த ஊர்க்காரரைவிட அதிகம் பார்ப்பவர் இந்த ஊர்க்காரர்.

2013 ஆகஸ்ட்

அடுத்த மூன்று பருவமும் சிங்டெல்லுக்கே. இம்முறை தனியுரிமை இல்லை என்று அது சொன்னது. ஆனால் ஒப்பந்த விதிகள் நடைமுறையில் ஸ்டார்ஹப்பை விலக்கிவிடுகின்றன என்று கண்ட ஆணையம், பகிரும்படி உத்தரவிட்டது. சிங்டெல் அமைச்சர் யாக்கோப் இப்ராஹிமிடம் மேல்முறையீடு செய்து தோற்றது. ஆக, இப்போது ஸ்டார்ஹப் பெட்டியிலேயே பிரிமியர் லீக் பார்க்கலாம். இரண்டாம் பெட்டி ஒழிந்தது.

விலை? பிரிமியர் லீக்கை மட்டும் தனியாக எடுத்தால் மாதம் 59.90 வெள்ளி, வரி தனி. பத்து மாதப் பருவத்துக்குக் கணக்குப் பார்த்தால் 599 வெள்ளி. ஊரெல்லாம் கொதிப்பு. விதி செய்யக்கூடியதும் செய்ய முடியாததும் இந்த ஓர் எண்ணில் தெரிந்துவிடுகிறது. எந்தப் பெட்டி என்பதில் ரசிகருக்கு அது சுதந்திரம் தந்தது. எவ்வளவு என்பதில் கைவைக்கவே இல்லை. விற்பவர் ஒருவராகவே இருக்கும்வரை, வாங்கும் வாசல்கள் எத்தனை திறந்தாலும் விலைச்சீட்டு ஒன்றுதான்.

2014 ஜூன்

பிரேசில் உலகக் கிண்ணத்துக்கு 112.35 வெள்ளி. 110 வெள்ளித் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தை அரசு 2011 முதல் ரத்து செய்துவிட்டது. கைவிடப்பட்ட அந்த ஆண்டுக் கட்டணத்தைவிட ஒரு மாதக் காற்பந்தின் விலை இப்போது மேலே.

தொடக்க ஆட்டம், இரண்டு அரையிறுதி, இறுதி ஆகிய நான்கும் கட்டணமில்லாத் தொலைக்காட்சியான மீடியாகார்ப்பில் இலவசம். பொதுமக்களுக்கு முக்கியமான நிகழ்ச்சிகளைக் கட்டணத் தொலைக்காட்சி தனியே அள்ளிக்கொள்ளக் கூடாது என்று ஒரு பட்டியல் இருப்பதன் பயன் இது. மற்ற ஆட்டங்களுக்குச் சமூக மன்றங்களில் பெரிய திரை. ஆட்டங்கள் நள்ளிரவிலும் விடிகாலையிலும் நடக்கின்றன. காலையில் வேலைக்குப் போகிறவர் மன்றத்துக்குப் போய் உட்கார முடியாது.

2016 ஆகஸ்ட் 13

சனிக்கிழமை காலை ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடம். ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 விநாடியில் முடித்து, சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை ஜோசஃப் ஸ்கூலிங் வென்றார். செங்காங் காப்பிக்கடைகளில் காயா ரொட்டியும் புரோட்டாவும் ஆறிக்கொண்டிருக்க, கலக்குபவரும் குடிப்பவரும் ஒரே திரையை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்கள்.

இந்தக் காட்சி நேரலையில் வராமலே போயிருக்கும். உரிமைத் தொகை கட்டுப்படியாகாது என்று மீடியாகார்ப் தாமதித்த தொகுப்பை மட்டுமே காட்டுவதாக இருந்தது. போட்டி தொடங்கச் சில நாள் முன்புதான் உடன்பாடு ஏற்பட்டது. முக்கிய நிகழ்ச்சிகளுக்கான அந்தப் பட்டியலின் குறை இதில் இருக்கிறது. கட்டணச் சேவை தனியே எடுப்பதை அது தடுக்கும். இலவசச் சேவையின் கையில் வாங்கும் பணத்தை அது வைக்காது. பட்டியலில் உள்ள நிகழ்ச்சிகளுக்குப் பொதுப்பணம் நிச்சயமாக ஒதுக்கப்பட வேண்டும். நாட்டின் வீரர் நீந்துவதைக் காண்பது சந்தாதாரரின் சலுகை அல்ல.

2018 ஜூன்

உலகக் கிண்ணம் மீண்டும். நீரிணைக்கு அப்பால் மலேசிய அரசுத் தொலைக்காட்சி ஆர்டிஎம் பல ஆட்டங்களை இலவசமாக ஒளிபரப்புகிறது. வடக்குப் பகுதி அடுக்குமாடிகளில் சிலர் ஜன்னலோரம் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைக்கிறார்கள்.

2022 பிப்ரவரி

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிரிமியர் லீக் ஸ்டார்ஹப்புக்குத் திரும்பியது, ஆறு பருவங்களுக்கு. இணையச் செயலியில் பார்க்கலாம் என்பதால் பெட்டிச் சண்டை பழங்கதை ஆகிவிட்டது. இனிச் சண்டை மாதக் கட்டணங்களின் எண்ணிக்கையில்.

2022 நவம்பர்

கத்தார் உலகக் கிண்ணம்: முன்பதிவுக்கு 98 வெள்ளி, பிறகு 118. இலவசம் 9 ஆட்டங்கள். நான்கிலிருந்து ஒன்பது என்பது முன்னேற்றம்தான்; மொத்தம் 64 ஆட்டங்கள்.

2023 மே 30

அகமதாபாத்தில் மழையால் தள்ளிப்போன ஐபிஎல் இறுதி ஆட்டம் சிங்கப்பூர் நேரம் விடிகாலை நான்கு மணி அளவில் முடிந்தது. கடைசி இரு பந்துகளில் ஜடேஜா சிக்சரும் பவுண்டரியும் அடிக்க, குஜராத்தை வென்று சென்னை கிண்ணம் தூக்கியது.

2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் உரிமைகள் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போயிருக்கின்றன. அப்படியிருந்தும் இந்தியாவில் ஜியோசினிமா இந்தப் பருவத்தை இலவசமாகக் காட்டியது. இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 3.2 கோடி பேர் பார்த்தார்கள் என்றது. தஞ்சாவூரில் இருக்கும் தம்பி காசில்லாமல் பார்த்த பந்தை, லிட்டில் இந்தியாவில் தங்கியிருக்கும் அண்ணன் கட்டணத் தொகுப்பு இல்லாமல் பார்க்க முடியாது. நாட்டுக்கு நாடு உரிமையைப் பிரித்து விற்பதால், எல்லை தாண்டினால் செயலி திறக்காது. குறைந்த சம்பளத்துக்குக் கடல் கடந்து வந்தவரிடம்தான் கூடுதல் விலை கேட்கப்படுகிறது. முழுப் பருவச் சந்தா அவருக்கு ஆகாது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு வெள்ளி என்றால் கொடுப்பார்.

2025 பிப்ரவரி

ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டது. ஐபிஎல்லை முழுதாகப் பார்க்க இந்தியாவிலும் இனிச் சந்தா வேண்டும். போட்டியாளரை வீழ்த்தத் தரப்படும் இலவசம் போட்டியாளர் இருக்கும்வரைதான் நீடிக்கும். சட்டத்தால் வரும் இலவசம் அப்படியல்ல: இந்திய அணியின் முக்கிய ஆட்டங்கள் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்றும் தூர்தர்ஷனில் வருகின்றன.

சிங்கப்பூரில் ஸ்டார்ஹப்பின் பிரிமியர் லீக் உரிமை 2028இல் முடிகிறது. அயல்நாட்டுக் கழக ஆட்டத்தை இலவசமாகத் தரச் சொல்வது நியாயமாகாது. அது விரும்பியவர் காசு கொடுத்துப் பார்க்கும் பொழுதுபோக்கு. ஆனால் விற்கும் முறையை ஒழுங்குபடுத்தலாம். ஆட்டம் ஒன்றை மட்டும் வாங்கும் வழி, அடிப்படைத் தொகுப்பு என்ற கட்டாயம் இல்லாமை, மாதக் கடைசியில் நிறுத்திக்கொள்ளும் உரிமை ஆகிய மூன்றையும் அடுத்த ஏலத்துக்கு முன்பே ஆணையம் நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். ஏலம் முடிந்து, தொகை கட்டப்பட்டுவிட்டால், அதைத் திரும்ப எடுக்கும் வேலைதான் நடக்கும்.