விடுமுறையில் பார்த்த படங்களும் மூத்தாப்பாவின் கொப்பியும்

 

இந்தத் தவணை விடுமுறைக்கு நாங்கள் எங்கேயும் போகவில்லை. ஹட்டனில் விடாத மழை. பகல் 3 மணிக்கே மூட்டம் இறங்கி முன் வீட்டுக் கூரை மறைந்துவிடும். பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை, எங்களுக்கும் திருத்த விடைத்தாள் இல்லை. இஷா தொழுதுவிட்டு லெப்டொப்பை டிவியில் மாட்டி, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு படம் என்று பார்த்தோம். படிப்பிக்கிற ஆட்கள் படத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் வாசியுங்கள். கதையின் முடிவை அங்கங்கே சொல்லியிருக்கிறோம், பிறகு ஏசக் கூடாது.

பிள்ளைகள் கேட்டது பேய்ப் படம். தமிழ்ப் பேய்ப் படம் என்றால் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. மலை, மூட்டம், ஒரு பழைய பங்களா காட்டினால் போதும், பேய் வந்துவிடும். நாங்கள் பிறந்ததிலிருந்து அந்த மூட்டத்துக்குள்தான் பாணும் பருப்பும் வாங்கப் போய் வருகிறோம். அதைக் காட்டி எங்களைப் பயமுறுத்த முடியாது. அதனால் இந்த முறை மலையாளப் பக்கம் போனோம். மம்மூட்டி நடித்த 'பிரமயுகம்'. ராகுல் சதாசிவன் இயக்கி 2024இல் வந்த படம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. கடைசி மகன் முதலில் "டிவி பழுதா?" என்று கேட்டான்.

கதை 17ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. தேவன் என்று ஒரு பாட்டுக்காரன், தாழ்த்தப்பட்ட சாதிக்காரன், காட்டில் வழி தவறிப் பாழடைந்த ஒரு பெரிய வீட்டுக்கு வந்து சேர்கிறான். வீட்டுக்காரர் மம்மூட்டி. வந்தவனைத் திண்ணையில் இருத்தி, பாடச் சொல்லி, சோறு போடுகிறார். பிறகு தாயம் விளையாடக் கூப்பிடுகிறார். என்னிடம் பணயம் வைக்க ஒன்றுமில்லையே என்கிறான் தேவன். உன்னுடைய காலத்தை வை என்கிறார் அவர். தோற்றுப் போகிறான். அதன்பிறகு அந்த வீட்டை விட்டு அவனால் போக முடியாது. எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கும் அவனிடம் இல்லை. கணக்கு வீட்டுக்காரரிடம்.

பேய் வருகிற இடங்கள் பரவாயில்லை. மம்மூட்டி சிரித்துக்கொண்டு சாப்பிடுகிற இடம்தான் பயம். படத்தில் எங்களுக்குப் பிடிக்காத இடமும் உண்டு. கடைசி அரை மணித்தியாலம் இழுக்கிறது, யட்சி வந்து போவதும் எதற்கென்று முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்தத் தாயப் பலகையை மறக்க முடியவில்லை. படம் முடிந்ததும் மூத்த மகள் கேட்டாள், "அவரு ஏன் வாப்பா முதல் நாளே ஓடல்ல?" சோறு போட்டதால்தான் என்றோம். பதில் எங்களுக்கே சரியாகப் படவில்லை.

அடுத்தது இந்தியானா ஜோன்ஸின் 'டெம்பிள் ஒப் டூம்', 1984. இது சும்மா சிரிக்க. வட இந்தியக் கிராமம் என்று காட்டுவது கண்டிப் பக்கம் எடுத்தது. இந்தியாவில் படம் பிடிக்க அனுமதி கிடைக்காமல் இங்கே வந்தார்கள். கிராமத்தவர்கள் அழுது புலம்புவது நல்ல சிங்களத்தில். ஊர்ப் பெரியவராக வருபவர் எங்கள் சிங்களப் படங்களில் பார்த்துப் பழகிய டீ. ஆர். நாணாயக்கார. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குரங்கு மூளை விருந்தில் உம்மா எழும்பிப் போய்விட்டார். அவ்வளவுதான் அந்தப் படம்.

ஆனால் அதைப் பார்த்ததில் ஓர் ஆசை வந்தது. எங்கள் மலை வேறு எந்தெந்தப் படத்தில் நடித்திருக்கிறது என்று தேடினோம். முதலில் அகப்பட்டது கித்துல்கலை. ஹட்டனிலிருந்து கொழும்பு பஸ்ஸில் கினிகத்தேனை இறக்கம் முடிய வருகிற ஊர். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தில் தாய்லாந்து ஆறாக வருவது அங்கே ஓடுகிற களனி கங்கை. டேவிட் லீன் இயக்கியது, 1957, 7 ஒஸ்கார். கைதான பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜப்பான்காரனுக்குப் பாலம் கட்டுகிறார்கள், கடைசியில் ரயில் வரும்போது பாலம் வெடிக்கிறது. நிஜமாகவே பாலம் கட்டி, நிஜ ரயிலை விட்டு வெடிக்க வைத்தார்கள். அடித்தளக் கொங்கிரீட்டின் மிச்சம் இன்றும் ஆற்றங்கரையில் கிடக்கிறது.

படம் அருமை. அலெக் கின்னஸ் நடையைப் பார்க்கவே இன்னொரு தரம் பார்க்கலாம். ஆனால் பார்த்து முடித்த இரவு அந்த ரயில் பாதையைப் பற்றி வாசித்தபோது ஒரு மாதிரியாகிவிட்டது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீற்றர், 1942-43இல் போட்ட பாதை. நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் இறந்தது 90,000 அளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெருந்தொகையானோர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழ்த் தொழிலாளர்கள். மலேசியாவில் இதை வைத்துத் தமிழில் நாவலே வந்திருக்கிறது. படத்தில் அவர்களைத் தேடினால் காணவில்லை. படம் பிடித்த இடமோ ஒரு பக்கம் இறப்பர், மேலே ஏறினால் தேயிலை, இரண்டிலும் தமிழ் ஆட்கள். கமராவைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் தெரிந்திருப்பார்கள்.

பிறகு 'எலிபன்ட் வோக்', 1954. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாக் கதை. இதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? எலிசபெத் டெய்லர் கதாநாயகி. முதலில் விவியன் லீ இலங்கைக்கு வந்து நடித்து, சுகமில்லாமல் போய், டெய்லரை மாற்றினார்கள். தூரத்தில் தெரிகிற சில காட்சிகளில் இன்னும் விவியன் லீதான் நிற்கிறாராம். நாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் பிடிக்க முடியவில்லை.

யானைகள் தண்ணீருக்குப் போகிற பாதையை மறித்துக் கட்டிய பங்களா அது. கட்டிய பெரிய துரை செத்துவிட்டார். ஆனால் அவருடைய அறை பூட்டியபடி, கல்லறை தோட்டத்துக்குள்ளேயே. வயது போன பட்லர் அப்புஹாமி அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்று இன்னும் பேசுகிறார். மகன் துரையும் கூட்டாளிகளும் குடித்துவிட்டு ஹோலுக்குள் சைக்கிள் ஓட்டிப் போலோ விளையாடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். எங்களுக்கு இது நல்ல பேய்ப் படமாகப் பட்டது. செத்த ஆளின் சொல் வீட்டை ஆளுகிறது, வழியை விடு என்று யானை கேட்டுக்கொண்டே இருக்கிறது. கடைசியில் காலரா வருகிறது, தீ வருகிறது, யானைகள் பங்களாவை மிதித்துக்கொண்டு தங்கள் பாதையில் போகின்றன. கொழுந்து எடுக்கிறவர்கள் இதிலும் பின்னால் நிற்கிற ஆட்கள்தான். ஒருவருக்காவது ஒரு கதை இல்லை. யானைக்கு இருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு, தொழிலாளி முன்னால் நிற்கிற படம் ஒன்றாவது பார்ப்போம் என்றுதான் பாலாவின் 'பரதேசி'யைப் போட்டோம். 2013இல் வந்தபோது பார்த்தது, பாதி மறந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமத்து ஆட்களைக் கங்காணி ஆசை காட்டித் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிற கதை. டொக்டர் டேனியல் எழுதிய 'ரெட் டீ' என்ற நாவலைத் தழுவியது, தமிழில் 'எரியும் பனிக்காடு'. குறையும் உண்டு. அழுகையைப் பாலா கரண்டி கரண்டியாக ஊற்றுகிறார். மதம் பரப்புகிற கிறிஸ்தவ டொக்டரை வைத்து ஒரு ஆட்டம் பாட்டம் வருகிறது, அது அநியாயம். மூல நாவலை எழுதியவரே தோட்டத்தில் வேலை பார்த்த கிறிஸ்தவ டொக்டர்தான், அந்த ஆட்களுக்குச் சங்கம் கட்டப் பாடுபட்டவர். இன்னொரு மார்க்கத்தவர் என்பதற்காக இதை நாங்கள் சொல்லாமல் விடக் கூடாது.

உம்மா வழமையாகப் பாதியில் தூங்கிவிடுவார். அன்று தூங்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்து, ஊருக்குப் போகலாம் என்று ஆட்கள் வரிசையில் நிற்கிற இடம். ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, கங்காணிக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு, வைத்தியத்துக்கு இவ்வளவு என்று கழித்து, மிச்சம் கடன், இன்னும் வேலை செய் என்கிறார்கள். "கொஞ்சம் நிப்பாட்டுங்க மகன்" என்றார் உம்மா. நிப்பாட்டினோம்.

"இது நான் எழுதின கணக்கு" என்றார்.

எங்கள் மூத்தாப்பா அக்குறணையிலிருந்து வந்து ஹட்டனில் கடை போட்டவர். அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய். பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் கடன் கொடுப்பார், 10ஆம் திகதி சம்பளத்தில் கழிப்பார். அவருக்குக் கண் மங்கியதால் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொப்பி எழுதியது உம்மா. நீளக் கொப்பி. ஆட்களின் பெயர் எழுதுவதில்லை. தோட்டம், லயத்து இலக்கம், காம்பரா இலக்கம், அதற்கு நேரே தொகை. மூத்தாப்பாவின் நல்ல குணங்களை நாங்கள் நிறையக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஐந்து நேரத் தொழுகை, வாழ்நாளில் வட்டி தொட்டதில்லை. அதெல்லாம் உண்மை. அன்றைக்குத்தான் உம்மா மிச்சத்தையும் சொன்னார். "வட்டி எடுக்கல்ல. ஆனா கைக்காசு வெல வேற, கொப்பி வெல வேற. றாத்தலுக்கு அஞ்சு சதம் கூட. அத எழுதினது நான்தான்."

1974இல் நாட்டில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு. மாவும் இல்லை, அரிசியும் இல்லை. தோட்டங்களில் பட்டினி, ஆட்கள் பிச்சைக்கு டவுனுக்கு இறங்கிய காலம். அந்த வருடம் மூத்தாப்பா கொப்பியை மூடிவிட்டார். அவருக்கும் ஏழு பிள்ளைகள், அவரிடமும் சாமான் இல்லை, குறை சொல்லவும் எங்களுக்கு நாக்கு வரவில்லை. ஆனால் மூடிய கொப்பியில் பழைய கடன் அப்படியே இருந்தது.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் உங்கள் எல்லாருக்கும் தெரியும், 1964. ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா எடுப்பதென்று எழுதினார்கள். எழுபதுகளில் ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார் போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுததைக் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போவதற்கு முன் சில பேர் கடைக்கு வந்து கணக்குத் தீர்த்துவிட்டுப் போனார்களாம். பழைய காலத்தில் கங்காணி கையில் 'துண்டு' இருந்தது, கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இவர்களை மறிக்க அப்போது துண்டும் இல்லை, பொலிஸும் இல்லை. சும்மா ரயில் ஏறியிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. ஒரு மனுசி காசில்லை என்று ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். மூத்தாப்பா நிறுத்துப் பார்த்தார். கணக்குச் சரி என்று உம்மா கோடு கீறினார்.

அந்தக் குடம் எங்கள் குசினியில் இருக்கிறது. பெருநாளுக்குப் புளி போட்டு மினுக்குவோம். மூத்தாப்பா வீட்டுச் சாமான் என்று விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டியும் இருக்கிறோம்.

படத்தை அன்று முடிக்கவில்லை. மறுநாள் முடித்தோம். தப்ப முடியாதபடி கால் நரம்பு வெட்டுப்பட்ட கணவனைத் தேடி, மனைவி பிள்ளையோடு அதே தோட்டத்துக்கு வந்து சேர்கிற கடைசிக் காட்சியில் வீட்டில் யாரும் பேசவில்லை.

பாடசாலை திறந்த பிறகு தரம் 10 பிள்ளைகளுக்குப் 'பிரமயுகம்' கதையை மட்டும் சொன்னோம். எங்கள் மகள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டோம்: அவன் ஏன் முதல் நாளே ஓடவில்லை? முன் வாங்குப் பிள்ளைகள் பயம், மந்திரம் என்றெல்லாம் சொன்னார்கள். பின்னால் இருந்து ஒரு பையன், வாய் திறப்பதே குறைவு, "ஓடினா காம்பராவ யாருக்குக் குடுப்பாங்க சேர்?" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தோட்டத்தில் வீட்டில் ஒருவராவது பேர் போட்டால்தான் லயத்தில் இருக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். அவனுடைய தாய் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் உம்மாவிடம் கேட்டோம், குடம் கொண்டுவந்த மனுசியின் பெயர் என்ன என்று. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கொப்பில பேர் இல்லயே மகன். ரெண்டாம் லயம், ஏழாம் காம்பரா."

அடுத்த விடுமுறைக்குப் 'புதிய காற்று' பார்க்க ஆசை. வி. பி. கணேசன் தயாரித்து நடித்த எங்கள் மலையகப் படம், 1975. தேடினோம், கிடைக்கவில்லை. யாரிடமாவது பிரதி இருந்தால், அல்லது அந்தக் காலத்தில் தியேட்டரில் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கீழே எழுதுங்கள். பெரியவர்கள் என்றால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம், இன்ஷா அல்லாஹ். கேட்க வேறு விடயமும் இருக்கிறது.